பின்வாசல்ல நின்னது நான்தான்

உக்காருங்கம்மா. நின்னுக்கிட்டே கேட்டா எனக்குப் பதில் வராது. ஸ்டூல்ல இருக்கிற புத்தகக் கட்டைக் கீழ எடுத்து வெச்சுடுங்க, தூசிதான், தட்டிவிட்டாப் போயிடும். ஆமா, உங்க பக்கத்து வீட்டம்மா பாத்தது நிஜம்தான். உங்க அப்பா வீட்டுப் பின்வாசல்லருந்து கையில பையோட வெளிய வந்தது நான்தான். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. அவங்க ஒரு தடவைதான் பாத்திருக்காங்க.

யாரைக் கூப்பிடணுமோ தாராளமாக் கூப்பிடுங்க. இவ்வளவு புத்தகத்தைத் தூக்கிட்டு நான் எங்க ஓடப் போறேன்? ஆனா ஒண்ணு கேக்குறேன். வீட்டுல ஏதாவது காணாமப் போச்சா? நகை, பத்திரம்? இல்லல்ல. புத்தகமா? எத்தனை இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? அப்பாவைக் கேட்டீங்களா? என்னது, பழைய புத்தகக் கடைப் பக்கமே போனதில்லன்னு சொன்னாரா. ம். சொல்லுவாரு.

முறைக்காதீங்க. நீங்க என்னைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி நான் உங்க அப்பாவைச் சந்தேகப்பட்டவன்.

ரெண்டு வருஷம் இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் வந்தாரு. சட்டைப் பையில ரெண்டு பேனா. சர்வேயரா இருந்து ரிட்டையர் ஆனவர்னு அப்புறந்தான் தெரியும். நிலத்தை அளக்கிற மாதிரியே என் அலமாரியையும் அளந்தாரு, மேல் தட்டு இடது ஓரத்துல ஆரம்பிச்சு ஒண்ணைக்கூட விடாம. பழைய புத்தகம் வாங்குறவங்கள்ல சில பேரு வேணுங்கிறதைக் கேட்டு வாங்கிட்டுப் போயிடுவாங்க. சில பேருக்கு என்ன வேணும்னே தெரியாது, கண்ணுல பட்டாத்தான் தெரியும். உங்க அப்பா அந்த மாதிரி. விரிச்சு மோந்து பாப்பாரு. முதல் பக்கத்துல யாரோ எழுதின பேரைப் படிப்பாரு. உள்ள கிடக்கிற பழைய பஸ் டிக்கெட்டைக்கூட எந்தப் பக்கத்துல இருந்துச்சோ அங்கயே வெப்பாரு. போதும்னு எழுந்து வாசல் வரைக்கும் போவாரு, அப்புறம் திரும்பி வந்து இன்னொண்ணு எடுப்பாரு. எனக்கும் அந்த வியாதி உண்டு. இல்லாட்டி இந்தத் தொழிலுக்கு யாரு வருவா?

அன்னிக்குத் தரையில உக்காந்து கீழ்த் தட்டைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தவரு திடீர்னு கத்திட்டாரு. பெரிய சைஸ், பச்சை அட்டை, உள்ள முழுக்க ஆறுகளோட வரைபடம். காலேஜ் லைப்ரரியில பாத்ததுங்க, நாப்பது வருஷமாத் தேடுறேங்கன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு.

மூணு வாரம் கழிச்சு, பழைய பேப்பர்காரர் கொண்டு வந்த மூட்டையில அதே புத்தகம். நான் விலை எழுதின பென்சில் குறிகூட உள்ள இருந்துச்சு. எனக்குச் சுருக்குன்னுச்சு. நாப்பது வருஷம் தேடினவரு மூணு வாரத்துல எடைக்குப் போட்டுட்டாரா? திரும்ப அதே தட்டுல வெச்சேன். அடுத்த வாரம் வந்தாரு. அதே கத்தல், அதே நாப்பது வருஷம், அதே கண்ணீர்.

சிரிப்பு வருதா? எனக்கு அன்னிக்கு வரல. கடையைக் காலி பண்ணச் சொல்லி கட்டடத்துக்காரர் மல்லுக்கு நின்ன நேரம் அது. திருட்டுப் புத்தகம் வாங்குறேன்னு என் மேல கேஸ் போட ஆள் விட்டு ஆழம் பாக்குறாரோன்னு நெனைச்சேன். நாலாவது தடவையும் இதே கூத்து நடந்ததும், கடையைச் சாத்திட்டு உங்க அப்பா பின்னாலயே போனேன்.

அவரு முன்வாசல்ல நுழைஞ்சாரு. நான் பின்பக்கமாப் போய் எட்டிப் பாத்தா, உங்கம்மா கொடியில துணி காயப் போடுறாங்க. யாருடா அதுன்னு கம்பை எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. நான் புத்தகக் கடைக்காரன்னேன். உடனே கம்பைக் கீழ போட்டுட்டு, மெதுவாப் பேசுங்க, அவருக்குக் கேட்டுடப் போகுதுன்னாங்க.

இதுக்கு மேல நான் சொல்லக் கூடாது. உங்கம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க. அதுவும் உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான். நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னே எனக்கு இன்னும் பிடிபடல. நேத்து அடுத்த தெருக் கடையில போய், வீடு நிறையப் புத்தகம் இருக்கு, மொத்தமா எடுத்துக்குவீங்களான்னு கேட்டீங்களாமே? வீட்டைக் காலி பண்ணிட்டு மனுஷனை எங்கயாவது கொண்டு போய் விட்டுடப் போறீங்களோன்னு எனக்குச் சந்தேகம் வராதா?

உங்க கூடவே கூட்டிட்டுப் போறீங்களா? நிஜமாவா? உங்க வீட்டுக்கேவா? சரி, சரி, அழாதீங்கம்மா. சொல்றேன்.

உங்க அப்பாவுக்கு ஞாபகம் தேய்ஞ்சுக்கிட்டே வருது. மூணு வருஷமா. போன்ல நல்லாத்தான் பேசினாரு, உங்கம்மா பக்கத்துல நின்னு ஒரு நோட்டுல எழுதிக் காட்டுவாங்க. பேரப் பிள்ளைங்க பேரு, என்ன விசாரிக்கணும், எல்லாம். அம்மா தவறினப்போ அவரு ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருந்ததை நீங்க துக்கம்னு நெனைச்சீங்க. உங்ககிட்டச் சொன்னா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவீங்கன்னு அவங்களுக்குப் பயம்.

இடம் அடைக்குதுன்னு முதல் தடவை எடைக்குப் போட்டது உங்கம்மாதான். அது தெரியாமத்தான் அவரு திரும்ப வாங்கிட்டு வந்திருக்காரு. அன்னிக்கு வாசல்லருந்தே உங்கம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாராம், இங்க வந்து பாரு, என்ன கிடைச்சிருக்கு பாருன்னு. ஆறு மாசமா அந்தப் பேரே வாயில வராம, இந்தாங்க, இங்க பாருங்கன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்த மனுஷன். அதுக்கப்புறம் அவங்களே வேணும்னே எடுத்துப் போட ஆரம்பிச்சுட்டாங்க. பேப்பர்காரர் எதுக்கு, என்கிட்டயே குடுங்கன்னேன்.

ஆபரேஷனுக்குப் போறதுக்கு முந்தின நாள் பின்வாசல் சாவியைக் கொண்டு வந்து குடுத்தாங்க. திரும்பி வந்ததும் வாங்கிக்கிறேன்னாங்க.

அதான். மத்தியானம் அவரு தூங்குறப்போ போய் எடுத்துட்டு வந்து, பழையபடி கீழ்த் தட்டுல வெச்சுடுவேன். சமையலம்மாவுக்குத் தெரியும். அந்த ஒரு புத்தகத்தைத் தவிர வேற எதையும் தொட்டதில்ல. இந்தாங்க சாவி, இனி உங்க பாடு. உங்க ஊர்லயும் ஒரு கடை இருக்கும், போன உடனே அந்தக் கடைக்காரர்கிட்டப் பேசி வெச்சுடுங்க. என்னை மாதிரி சந்தேகப் பிராணியா இருந்தா எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க.

இருங்க, இருங்க. அங்க பாருங்க, உங்க அப்பா ரோட்டைத் தாண்டுறாரு. நீங்க அந்த அலமாரிக்குப் பின்னால போயிடுங்க. கூப்பிடாதீங்கம்மா, அவர் முகத்தை மட்டும் பாருங்க.

வாங்க சார், வாங்க. பாத்து, படி இருக்கு. நம்ம கடைக்கு முதல் தடவையா வர்றீங்களா?