இரவல் மூக்கு

ஹலோ... ஆங், சொல்லுங்க சார்... இல்ல இல்ல, சாப்டாச்சு. கீழ ஒயின் ரூம்ல இருக்கேன். இங்க சிக்னல் அப்படித்தான், இருங்க, கிளாஸ் கழுவற பக்கத்து வாசலுக்கு வந்துடறேன்... இப்ப கேக்குதா?... ஆமா சார்... ஆமா.

செவ்வாக்கிழமை மத்தியானம்... ஏழாம் நம்பர் டேபிள். தெரியும் சார். கெட்டுப்போன பாட்டில்தான். கார்க் கெட்டுப்போனா அப்படி ஆகும். நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை வரும்... ஆமா, நான்தான் திறந்தேன்... மோந்து பாத்துட்டுத்தான் ஊத்தினேன்... எப்படி விட்டேன்னா... கவனிக்கல சார். அவ்வளவுதான்... மன்னிப்புக் கேட்டு வேற பாட்டில் குடுத்தாச்சு... சரி சார். சரி. இனிமே நடக்காது.

எது, ஷார்டொனேவா?... ஆமா, மூணு இருக்கு. மூணும் ஷார்டொனேங்கற ஒரே திராட்சையில பண்ணின ஒயின்தான்... இல்ல சார், ரெண்டைத் தூக்கிடாதீங்க... இல்ல, கேளுங்க. மெனுவில ஒரே பேர் மூணு தடவை வருதுன்னு பாக்கறீங்க. ஒரே வயித்துல பொறந்த மூணு பேர்னு வச்சுக்குங்க. வளந்த வீடு வேற வேற... ஆமா, அதேதான்.

பச்சை லேபிள் இருக்கே, அது ஸ்டீல் தொட்டியிலயே இருந்தது. மரமே படல. அதனால திராட்சை என்னவோ அதுதான் வரும். பச்சை ஆப்பிள், எலுமிச்சை. நாக்குல வச்சா சுருக்குங்கும்... ஆமா, மீன் கேக்கறவங்களுக்கு அதைத்தான் ஊத்தறோம். மஞ்ச லேபிள் புது ஓக் மரப் பீப்பாயில கிடந்தது. அதுல இன்னொரு வேலையும் நடக்குது. புளிப்பை அடக்கறதுக்கு ரெண்டாவது தடவை புளிக்க விடுவாங்க. ஆப்பிள் புளிப்பு போயி பால் புளிப்பு வரும். வெண்ணெய் வாசனை வர்றது அதனாலதான்... இல்ல சார், வெண்ணெயெல்லாம் போட மாட்டாங்க... இல்ல, சத்தியமா போட மாட்டாங்க.

மூணாவதா? வெள்ளை லேபிள். அதுவும் பீப்பாதான், ஆனா பழசு. நாலஞ்சு வருஷம் ஆன மரத்துக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது. அடியில தங்கற ஈஸ்ட் மண்டியோடயே விட்டு அப்பப்பக் கலக்கி விடுவாங்க. பன்னுக்குப் பிசைஞ்ச மாவு மாதிரி ஒரு வாசனை. ரெண்டுக்கும் நடுவுல நிக்கும்... இன்னும் இருக்கு சார், குளிரான ஊர்ல விளைஞ்சா எலுமிச்சை, வெயில் ஊர்ல விளைஞ்சா அன்னாசி... ஆமா, தலை சுத்தும். ஷார்டொனேயே பிடிக்காதுன்னு சொல்றவங்க முக்காவாசிப் பேர் மஞ்ச லேபிள் மாதிரி ஒண்ணைக் குடிச்சுட்டுச் சொல்றவங்க. பச்சையைக் குடுத்தா இது என்ன ஒயின்னு கேப்பாங்க.

இன்னொண்ணு, மஞ்சளை ஐஸ்ல ரொம்ப நேரம் வைக்காதீங்கன்னு மேல சர்வீஸ்ல சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. உறையற மாதிரி வச்சா மூணும் ஒண்ணுதான். எது எதுன்னு யாருக்கும் தெரியாது.

என்னது?... பென்சிலா? ஆமா, மெனுவில மஞ்சளுக்குக் கீழ போட்டிருக்கறது... 'இப்பதான் சீவின பென்சில், உருக்கின வெண்ணெய்'... ம்... போட்டோ எடுக்கறாங்களா, மெனுவையா?... ம்... தேங்க்ஸ் சார்... இல்லையே, சந்தோஷம்தான். குரல் கொஞ்ச நாளா இப்படித்தான் இருக்கு.

நாளைக்கா? எத்தனை மணிக்கு?... இறக்குமதிக்காரர் நேர்லயே வராரா... முப்பது பாட்டில். லேபிளை மூடி வச்சு ருசி பாத்துச் சொல்லணும்... நீங்க, அவர், நான்... ஓ. மூணு ஓட்டலுக்கும் நானா?... ஒயின் தேர்ந்தெடுக்கறது எல்லாமே... ம்... இருக்கேன் சார், கேட்டுட்டுத்தான் இருக்கேன். பெரிய விஷயம். எட்டு வருஷமா எதிர்பார்த்தது... தேங்க்ஸ் சார்.

ஒரு நிமிஷம்... அண்ணே, ஏணியை அங்க சாத்தாதீங்க, பாட்டில் அலமாரி அது... யாரு நீங்க?... சார், இங்க ஒரு பிளம்பர் வந்து கழுவற இடத்துல குழாய்க்கு அளவெடுக்கறார். எதுக்குன்னு... ஓ. கிளாஸ் கழுவற மெஷினா. திங்கக்கிழமையே வருதா... நல்ல மெஷின்தான் சார், பாத்திருக்கேன்.

அப்ப கிளாஸக்கா?... எந்த அக்காவா? கழுவற இடத்துல நிக்கறாங்களே சார், நீல ஏப்ரன், ஒல்லியா... நீங்க பின்பக்கம் வர்றதில்லையே, பாத்திருக்க மாட்டீங்க... சனிக்கிழமையோட... நிறுத்தியாச்சுன்னு சொல்லியாச்சா?... இன்னும் இல்ல... என்னையா சொல்லச் சொல்றீங்க?

சார், வச்சிடாதீங்க. ஒண்ணு சொல்லணும்... இல்ல, லீவு இல்ல... எனக்கு வாசனை தெரியாது.

தெரியாதுன்னா தெரியாது சார்... ஒயின் மட்டும் இல்ல, எதுவுமே. அஞ்சு மாசம் ஆச்சு. பத்து நாள் காய்ச்சல்ல படுத்தேனே, அதுல போனதுதான். ஒரு மாசத்துல வந்துடும்னு டாக்டர் சொன்னார். இப்பக் கேட்டா, வரலாம், வராமலும் போகலாம்ங்கறார்... ஜலதோஷம் இல்ல சார். வீட்ல பால் அடிப்பிடிச்சுக் கருகி, பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டினாங்க. நான் அடுப்புக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். புகையைப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது. காப்பின்னா சுடுதண்ணி. மகளைக் குளிப்பாட்டித் தலையை மோந்து பாத்தேன், ஒண்ணுமே இல்ல. அழுகை வரணும் இல்ல சார்? அதுவும் வரல.

விளையாடல சார்... மெனுவில இருக்கறது நான் எழுதல. எழுதினது நான், ஆனா சொன்னது... அக்காதான். கிளாஸக்கா... ஆமா, கழுவறவங்க.

அவங்களுக்கு ஒரு பழக்கம். கழுவின கிளாஸ் ஒவ்வொண்ணையும் மூக்குக்கிட்ட கொண்டு போயிட்டுத்தான் ரேக்ல வைப்பாங்க. சோப்பு வாடை நின்னுடக் கூடாதுன்னு. யாரும் சொல்லிக் குடுக்கல, அவங்களா பண்றது. நான் காய்ச்சல் முடிஞ்சு வந்த வாரம், மேலேர்ந்து திரும்பி வந்த கிளாஸை என்கிட்ட நீட்டி, இது நேத்து வந்ததுதானே, இன்னிக்கு ஏன் வெண்ணெய் இல்லன்னு கேட்டாங்க. போய்ப் பாத்தா சர்வீஸ்ல மஞ்சளுக்குப் பதிலா வெள்ளையை ஊத்தியிருக்காங்க... ஆமா சார், காலி கிளாஸ். அடியில ஒரு சொட்டு இருந்திருக்கும்.

அதுலேர்ந்து தினம் காலையில ஒரு கிளாஸ்ல ஊத்திக் கழுவற இடத்துக்குக் கொண்டு போவேன். அவங்க மோந்து சொல்வாங்க. குடிக்கறதில்ல, இன்னிவரைக்கும் ஒரு சொட்டு நாக்குல வச்சதில்ல. அவங்க வார்த்தையிலயே சொல்வாங்க, நான் மெனு வார்த்தைக்கு மாத்திப்பேன். பென்சிலை மட்டும் மாத்தல. அவங்க பொண்ணு பைக்குள்ளயே பென்சிலைச் சீவிக் கொட்டுமாம். அந்த வாசனைன்னாங்க... நான் எங்க சார் யோசிச்சேன், அவங்க சொன்னது.

ஆமா, செவ்வாக்கிழமை அக்கா லீவு. அந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்ல. நான் மோந்து பாக்கற மாதிரி மூக்கை வச்சுட்டு ஊத்திட்டேன். அதிர்ஷ்டம் இருந்தா தப்பிக்கும்னு. தப்பிக்கல.

ஆமா... ஆமா சார்... ஏமாத்தினதுதான். இல்லன்னு சொல்லல... ஆமா... கத்துங்க சார், தப்பில்ல... வீட்டுக்காரர் வாயை மூடிக்கிட்டு இருன்னுதான் சொன்னார். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோத்துல மறைக்கறது?... இல்ல, நல்லவளா காட்டிக்கறதுக்கு இல்ல. நாளைக்கு முப்பது பாட்டில்னு சொன்னீங்களே, அப்பகூட எப்படிச் சமாளிக்கலாம்னுதான் யோசிச்சுட்டு இருந்தேன். பாத்ரூம் போற மாதிரி கிளாஸை எடுத்துட்டுக் கழுவற பக்கம் வந்துட்டா... ஆமா, கேவலம்தான். அக்காவை அனுப்பறீங்கன்னு என்னையே சொல்லச் சொன்னீங்க பாருங்க, அதுக்கு மட்டும் வாய் வரல.

பயமா? இருக்கணும் சார். வேலை போகப்போறது, இருக்கணும்தான். ஒண்ணும் இல்ல. மரத்துப்போன கால்ல நிக்கற மாதிரி இருக்கு.

...

சொல்லுங்க... ம்... ம்... மெஷினை நிறுத்தி வைக்கறீங்களா... ம்... அக்கா அங்கயே இருக்கட்டும்... நாளைக்கு நான் டேபிள்ல உக்காரணும். அவங்க பக்கத்து ரூம்ல. கிளாஸ் போயிட்டுப் போயிட்டு வரணும்... இறக்குமதிக்காரருக்குத் தெரியக் கூடாது. யாருக்கும் தெரியக் கூடாது... இப்ப நடக்கற மாதிரியே, மூணு ஓட்டலுக்கும்... ஆமா, என் வேலையும் போகாது, அவங்க வேலையும் போகாது. புரியுது சார். நல்ல வழிதான்... எட்டு வருஷமா விருந்தாளிங்களுக்கு என் முகம்தான் தெரியும், சரிதான். ஏப்ரன் போட்டவங்களை டேபிள்ல உக்கார வைக்க முடியாது... ம்... சொல்றீங்க, கேக்கறேன்.

சரின்னேனா?... இல்ல சார், நான் சரின்னு சொல்லல. ம்னுதான் சொன்னேன்... எனக்குச் சம்மதம் இல்லன்னு இல்ல. நான் எப்படிச் சம்மதம் சொல்றது? மூக்கு அவங்களோடது. அஞ்சு மாசமா இரவல் வாங்கிட்டு இருக்கேன், ஒரு வார்த்தை கேட்டதில்ல. ஒரு கிளாஸை நீட்டினேன், அவங்க மோந்தாங்க. அப்படியே போச்சு... அவங்ககிட்ட நான் பேசி முடிக்கணுமா? நான் பேசினா சரிம்மான்னு முடிஞ்சிடும். என் முகத்தைப் பாத்துட்டு அவங்க இல்லன்னு சொல்ல மாட்டாங்க.

நீங்களே கேளுங்க சார்... இப்பவேதான். இங்கதான் நிக்கறாங்க, மூணு அடி தள்ளி. எல்லாம் காதுல விழுந்திருக்கும்... இல்ல சார், சின்ன விஷயம் இல்ல... வச்சிடாதீங்க சார். வச்சீங்கன்னா நானே திரும்பக் கூப்பிடுவேன்... இருங்க.

அக்கா... அக்கா, குழாயை மூடுங்க. கையைத் தொடைச்சுக்கிட்டு இங்க வாங்க... சார்தான். முதலாளி... என்கிட்ட இல்லக்கா, உங்ககிட்டதான் பேசணும். உங்க மூக்கைப் பத்தி... அழாதீங்க, யாரும் திட்டல... இந்தாங்க, காதுல வச்சுக்குங்க. நல்லாக் கேளுங்க. உங்களுக்கு என்ன வேணும்னு நீங்களும் கேளுங்க. உடனே சரின்னு மட்டும் சொல்லிடாதீங்க.