எண்ணெயில் போட்ட முதல் ஆப்பிள்

— அப்போ பழம் பிடிக்காம இல்ல?

— பிடிக்கும் அத்தை. வாய்தான் ஒத்துக்க மாட்டேங்குது. பச்சையா கடிச்சா உதடு அரிக்கும், தொண்டையில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்.

— அட, இதச் சொல்ல மூணு மணி நேரமா, மினோரி? சீசனோட முதல் ஆப்பிள். வீட்டுக்கு வரப்போற மருமகளுக்குன்னு உங்க மாமா தன் கையால வெட்டி வச்சாரு. நீ உதட்டுல வச்சுட்டுத் தட்டுலயே திருப்பிப் போட்டுட்ட. மனுஷன் எழுந்து தோட்டத்துக்குப் போயிட்டாரு. கல்யாணப் பேச்சு அப்படியே நிக்குது.

— ஆப்பிள் தோட்டக்காரர்கிட்ட ஆப்பிள் ஆகாதுன்னு எப்படிச் சொல்றது? உங்க பிள்ளை தைச்சிதான், அப்பா கோபக்காரரு, ஒரு துண்டு எப்படியாவது முழுங்கிடுன்னாரு.

— அவன் அப்படித்தான். அப்பா செருமினாலே ஒளிஞ்சுக்குவான். சரி, இது எதனால வருது? நாங்க மருந்தடிக்கிறோமே, அதாலயா?

— இல்ல அத்தை. வெள்ளைப் பட்டை பிர்ச் மரம் இருக்குல்ல, சப்போரோவுல எங்க தெரு முழுக்க அதுதான். மே மாசம் அதோட மகரந்தம் பறக்கும். என் உடம்பு அதப் பகையாளியா நினைக்குது. ஆப்பிள்லயும் அதே சாயல்ல என்னமோ இருக்காம். ஆள் மாறாட்டம்னு டாக்டர் சிரிச்சாரு.

— செர்ரி?

— ஆகாது.

— பீச்?

— அதுவும்தான்.

— ஜாம்?

— பாட்டில் பாட்டிலா சாப்பிடுவேன். வெந்துட்டா அந்தச் சாயல் கலைஞ்சிடும், எனக்கு ஒண்ணும் செய்யாது.

— அட. அப்போ எண்ணெயில போட்டா? டெம்புரா பொரிக்கிற சட்டி அடுப்புலதான் இருக்கு. கனோலா எண்ணெய், வாசத்துக்குக் கொஞ்சம் நல்லெண்ணெய். எள்ளு ஆகுமா உனக்கு?

— எள்ளு ஆகும்.

— மெல்லிசா வெட்டு, நடுவுல பச்சையா நின்னுடக் கூடாது. எண்ணெய் காஞ்சுதான்னு பாக்க மாவு ஒரு சொட்டு விடு. பாதி ஆழம் போயி மேல வருதா? இப்ப மாவுல தோய்ச்சுப் போடு, கண்ணு... பொன்னிறமாச்சு, எடு. ஊதிக் கடி. உதடு?

— அரிக்கல. இனிப்பா இருக்கு அத்தை.

— நம்ம தோட்டத்தச் சுத்தியும் பிர்ச்தான். காத்துத் தடுப்புக்குன்னு கல்யாணமான வருஷம் அவரே நட்டாரு. எனக்கு ஒரு தும்மல்கூட வராது. அவருக்குத்தான் மே மாசம் பூரா ஜலதோஷம்.

— மாமா ஆப்பிள் சாப்பிடுவாருல்ல?

— வியாபாரிங்க வந்தா கடிப்பாரு, ருசி சொல்லுவாரு, துப்பிடுவாரு. ருசி பாக்கறவன் முழுங்கக் கூடாதும்பாரு. கதவு சத்தம், அவருதான். நீ பேசாம இரு. என்னங்க, வந்துட்டீங்களா?

— என்ன வாசம் இது?

— ஆப்பிள்ங்க. எண்ணெயில பொரிச்சோம். மினோரிக்குப் பச்சையா ஆகாதாம், வெந்தா ஆகுமாம். நாலு துண்டு தின்னுட்டா. உதட்டப் பாருங்க, ஒண்ணுமில்ல.

— எனக்கு ஒண்ணு குடு.

— சுடும், மெதுவா. என்ன, மூணாவதா? பொண்ணுக்கு மிச்சம் வைங்க. இன்னும் அவ மேல கோபம்னா வாயத் திறந்து சொல்லிடுங்க.

— கோபம் யாருக்கு, சிஸுரு? இந்தப் பொண்ணு உதட்டத் தேய்ச்சுக்கிட்டதப் பாத்தேன், உக்கார முடியல. உலகத்துலயே எனக்கு மட்டுந்தான் இப்படின்னு இருந்தேன். முப்பத்தெட்டு வருஷமா வளக்கறேன், இன்னிக்குத்தான் நம்ம ஆப்பிள முழுங்கறேன்.