முதல் போட மறுத்தவர்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள். மைசூரிலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில், எதிர் இருக்கைப் பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "அவரு என் கம்பெனியில முதல் போட மாட்டேன்னுட்டாருடீ. எனக்கு அவ்வளவு சந்தோஷம்!"

"பைத்தியமா உனக்கு? இத்தனை மாசமா அவரை நம்பித்தானே இருந்தே?"

அவர் மைசூரில் ரேடியோ பழுது பார்த்தவர், அமெரிக்கா போய்க் கம்ப்யூட்டர் கம்பெனி நடத்தி விற்றவர், இப்போது புதுக் கம்பெனிகளுக்கு முதல் போடுகிறவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"கன்னட எழுத்தைக் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்குதுன்னு காட்டினேன். 'பார்வையில்லாத பிள்ளைங்க ஸ்கூலுக்கு என்னைக் கூட்டிட்டுப் போ'ன்னாரு."

"ஹௌதா, நிஜமாவா? அவரே வந்தாரா?"

"வந்து பிள்ளைங்களோட தரையில உட்கார்ந்தாரு. கம்ப்யூட்டர் படிச்சதும் ஒரு பொண்ணு, 'இவருக்கு ஜலதோஷமா?'ன்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் அவளே, 'இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்க. யார் துணையும் இல்லாம நானே படிக்கிற மாதிரி இருக்கு'ன்னா."

"அவரு என்ன சொன்னாரு?"

"வெளியே வந்து, 'இதுல லாபம் வராதும்மா. முதல் போட்டா, வேற ஏதாவது செய்யின்னு நானே உன்னை நெருக்குவேன். அதனால நன்கொடையா தர்றேன். திருப்பித் தர வேண்டாம், நிறுத்தாம செய்'னாரு."

தோழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ, இன்னிக்குப் பெங்களூர்ல சேர வேண்டிய வேலை?"

"வரலைன்னு நேர்ல சொல்லத்தான் போறேன். சாயந்திர வண்டியில மைசூர் திரும்பிடுவேன்."