கெம்பம்மாவின் ஆயுள்வரை

எந்த வேலையையும் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை சார். போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் வேலை பார்த்தபோதும் அப்படித்தான். அதைப் பார்த்துத்தான் நண்பன் நாராயணப்பன், தன் உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என் பெயரில் எழுதினான்.

சின்ன உயில். வீடும் மாந்தோப்பும் கெம்பம்மாவின் ஆயுள்வரை அவள் அனுபவத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு மகள் சத்யப்ரியாவுக்கு. அதுவரை கெம்பம்மாவின் சாப்பாடு, மருந்து என் பொறுப்பு.

நாராயணப்பனின் மனைவி இறந்தபின் ஆனேக்கல் பக்கமிருந்து சமைக்க வந்தவள் கெம்பம்மா. பதினாறு வருடம் அவனோடேயே இருந்துவிட்டாள். அவன் தாலி கட்டவில்லை.

நாராயணப்பன் போனபின் இறப்புச் சான்றிதழ், பட்டா மாற்றம், கரண்ட் இணைப்பு எல்லாம் நான்கு மாதத்தில் முடித்தேன். சத்யப்ரியாவிடம் ஒப்படைப்பது ஒன்றுதான் பாக்கி.

ஆடி மாதம் கிருஷ்ணகிரி டாக்டர் என் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, ஒரு வருடம் என்றார். கெம்பம்மாவுக்கு வயது அறுபத்திரண்டு. இருதயக் கோளாறு உண்டு. ஆனால் மாத்திரையின் தயவில் நன்றாகவே நடமாடினாள். நான் முந்திக்கொண்டால் இந்தப் பொறுப்பை யார் முடிப்பார்கள்? நிதானமாகத்தான் யோசித்தேன்.

மாத்திரைகளை வாங்கி டப்பாவில் போட்டுக் கொடுப்பது நான்தான். அவள் நிறம் பார்த்து விழுங்குவாள். ஐப்பசி பிறந்ததும் அதே நிறத்தில் சத்து மாத்திரைகளைப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, "அண்ணா, இது பேறே மாதிரி இருக்குது. மூச்சு வாங்குது" என்றாள்.

"கம்பெனிய மாத்திட்டாங்கம்மா. போகப் போக சரியாப் பூடும்."

"நீங்க சொன்னா சரிங்கண்ணா." விழுங்கிவிட்டு, "ஊட்ட ஆய்த்தா?" என்றாள். சாப்பிட்டாயா என்பதை அவள் கன்னடத்தில்தான் கேட்பாள். களி போட்டாள். சாப்பிட்டேன்.

கார்த்திகை மூன்றாம் நாள் அடுப்படியில் விழுந்து கிடந்தாள். காரியங்களை ஒரு குறையும் இல்லாமல் செய்தேன்.

பதினாறாம் நாள் சத்யப்ரியாவிடம் சாவியை நீட்டினேன். வாங்கவில்லை. "எனக்கு எதுக்கு மாமா இந்த வீடு? அவங்க பேருக்கே எழுதிக் குடுத்துடறேன்னு தீபாவளிக்கு வந்தப்பவே உங்ககிட்ட சொன்னேனே" என்று அழுதாள்.

சொன்னாள்தான். உயிலில் அப்படி எழுதவில்லையே சார்.

அலமாரியிலிருந்த மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். உங்களிடம் கொடுத்தது அவளாகத்தான் இருக்கும்.

சாவி என்னிடமே தங்கிவிட்டது. தினமும் மதியம் போய் வீட்டைத் திறந்து வைப்பேன். ஆளில்லாத அடுப்படியிலிருந்து கேள்வி வரும். ஆச்சும்மா என்று சொல்லும்வரை நிற்காது. சற்று முன் இங்கேயும் வந்தது. நீங்கள் எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

ஆமாம் சார், நான்தான் கொன்றேன். அதில் சந்தேகம் வேண்டாம். இன்னும் சில மாதத்தில் நாராயணப்பனைப் பார்ப்பேன். நீ சொன்னபடி எல்லாம் முடித்துவிட்டேன் என்று தலைநிமிர்ந்தே சொல்வேன். அந்த நேரம் கெம்பம்மா அவன் பக்கத்தில் இல்லாமல் இருந்தால் போதும்.