பதினேழாம் நம்பர் பாட்டில்

— பரீட்சையில பாதியில எழுந்து போன பொண்ணு நீதானா பாமா? நான் வேற யாரோன்னுல்ல நெனச்சேன்.

— நான்தான் ரோசம்மா. எல்லாம் போச்சு.

— இந்த லேப்ல கண்ணாடி கழுவறவ எனக்குத் தெரியாதா, உன்னை மாதிரி கை சுத்தம் எவளுக்கு இருக்கு? என்னதான் ஆச்சு?

— பாட்டில்ல ரெண்டு சரக்கு கலந்த தூள், பிரிச்சுக் காட்டணும். அதை ஃபனல்ல போட்டு ஈதர்ல கரைச்சேன். சோடா உப்பு கரைச்ச தண்ணி விட்டுக் குலுக்கினேன். தூள்ல இருக்கற ஆசிட் தண்ணிக்குள்ள இறங்கிடுமோன்னோ, அந்த அடித் தண்ணியை பீக்கர்ல பிடிச்சேன். பிடிச்சதை எடுத்துண்டு போய் ஸிங்க்ல கொட்டிட்டேன்.

— மாதாவே. ஏன் கண்ணு?

— மூணு வருஷமா கழுவின தண்ணியைக் கொட்டிக் கொட்டிப் பழகின கை. மனசு அப்பாகிட்ட இருந்தது. கொட்டினப்புறம்தான் சுரணை வந்தது.

— தூள் மிச்சம் வெச்சிருப்பியே?

— ஒரு சிட்டிகை இல்லை. இன்னொரு பாட்டில் கேட்டேன், ஒருத்தருக்கு ஒண்ணுதான்னுட்டார் எக்ஸாமினர். நானே கொட்டிட்டேன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன்.

— சரி விடு. செப்டம்பர்ல எழுதிக்கலாம்.

— எனக்கு செப்டம்பர் கிடையாது ரோசம்மா. தேறினா ஸ்கூல் வேலைக்கு விடறேன், தவறினா வாயைத் திறக்கப்படாதுன்னு சொல்லியிருக்கார் அப்பா. தொட்டியத்துல ஒருத்தருக்கு ரெண்டாந்தாரமாக் கேக்கறா. மூத்தாள் பொண்ணுக்கு என்னைவிட நாலு வயசுதான் கம்மி. வைகாசியில முகூர்த்தம்கூடப் பாத்தாச்சு.

— அம்மா ஒண்ணும் சொல்லலையா?

— காலம்பற பெருமாள் தீர்த்தம் குடுத்து அனுப்பினா. அவளால ஆனது அவ்வளவுதான். கொள்ளிடத்துல இப்போ தண்ணி இருந்தா ஆத்துக்கே திரும்பிப் போகமாட்டேன்.

— அந்தப் பேச்சு மட்டும் பேசாத. இந்தா, முகத்தைத் துடை. சீட்டுக் குலுக்கல்ல உனக்கு எந்த நம்பர் பாட்டில் விழுந்துச்சு?

— பதினேழு. இனிமே எதுவா இருந்தா என்ன?

— பதினேழா?

— ஏன் அப்படிக் கேக்கறேள்?

— கெமிஸ்ட்ரி சிஸ்டரும் நானும்தான் எல்லா பாட்டிலும் நிறுத்துப் போட்டோம். பதினாலாம் பாட்டிலோட ஆசிட் டப்பா காலியாயிடுச்சு. அதுக்கு மேல உள்ளதுல ஆசிட் இல்லாம வேற ரெண்டு சரக்கு. சோடாத் தண்ணி ஊத்தினப்ப நுரைச்சுச்சா?

— பதட்டத்துல கவனிக்கவே இல்லை. இருங்கோ... நுரைக்கலை. நுரைக்கவே இல்லை ரோசம்மா.

— ஆசிட் இருந்தாத்தானே நுரைக்கும்.

— அப்போ நான் கொட்டினது வெறும் சோடாத் தண்ணியா? ரெண்டு சரக்கும் ஈதர்லயேதான் இருக்கா? ஃபனலை ஸ்டாண்டுலயே வெச்சுட்டு வந்தேனே. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, எனக்குப் போதும். எக்ஸாமினர் கால்ல விழுந்தாவது உள்ளே போயிடறேன். கையை விடுங்கோ ரோசம்மா. ஏன் பிடிச்சுக்கறேள்?

— போகாத கண்ணு. அந்தப் பொண்ணு எழுந்து போயிடுச்சு, மேஜையைச் சுத்தம் பண்ணுன்னாங்க. உன் ஃபனலை இப்பத்தான் கழுவிக் கவுத்துட்டு வரேன்.