எதிர்வீட்டுக்காரியின் முகம்

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யாதது ஒருவிதத்தில் எனக்கு நல்லதாகப் போயிற்று, மேடம். நான் முதல் மாடி. தையல் மெஷினை வாசலுக்கு நேராகப் போட்டிருப்பது வெளிச்சத்துக்காக. கதவைத் திறந்து வைத்திருப்பது காற்றுக்காக. படியேறுகிறவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது நான் செய்த ஏற்பாடு இல்லை. மூச்சு வாங்க நிற்பார்கள். நிற்கும்போது ஏதாவது சொல்வார்கள். மூன்றாம் மாடி அம்மாள் இதைத்தான் வம்பு என்கிறாள். தன் மகன் வேலையை விட்டது தனக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டதே என்ற எரிச்சல் அவளுக்கு. நான் என்ன செய்ய. அவன் என் வாசலில்தான் மூச்சு வாங்கினான்.

நீங்கள் கேட்பது எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றி. சொல்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

முப்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. சாமான் வந்து இறங்கிய அன்றே கேட்டுத் தெரிந்துகொண்டேன். இதே ஊரில் அண்ணன் இருக்கிறான், ஆனால் அண்ணிக்கும் இவளுக்கும் ஆகாது. நல்ல பெண், கலகலவென்று பேசுவாள். முகம்தான் பாவம். தாடை ஓரத்தில், வாயைச் சுற்றி, கழுத்து வரைக்கும் பரு. பதினாறு வயதில் வந்து போயிருக்க வேண்டியது, வழி தெரியாமல் அலைந்துவிட்டு இப்போது வந்து சேர்ந்த மாதிரி. ஒன்று அமுங்கினால் பக்கத்தில் இரண்டு கிளம்பும். தூரமாவதற்கு முந்தைய வாரம் கேட்கவே வேண்டாம்.

அவளுக்கு வேலை கண்ணாடிக்கடையில். மூக்கில் கண்ணாடியைப் பொருத்தி, காதோரம் கம்பியை வளைத்து, சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கிற வேலை. முகத்துக்கும் முகத்துக்கும் ஒரு சாண் இருந்தால் அதிகம்.

"புதுக் கண்ணாடி போட்டதும் அவங்க தெளிவா பாக்கற முதல் பொருளே என் மூஞ்சிதான்க்கா," என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஒரு பெரியவர் மாட்டிப் பாத்துட்டு, 'ஐயோ, என்னம்மா இது'ன்னுட்டார். சரி, பவர் கரெக்டா இருக்குன்னு பில்லைப் போட்டுட்டேன்."

சிரித்தாளே தவிர, கண் சிரிக்கவில்லை. கடை முதலாளி ஊரின் மறுகோடியில் இன்னொரு கடை திறப்பதாக இருந்தார். அதன் முழுப் பொறுப்பும் இவளுக்கு, கடைக்கு மேலேயே குடியிருக்க வீடு. "முகத்தை மட்டும் கொஞ்சம் கவனிச்சுக்கோம்மா, வியாபாரம் பாரு," என்று சொல்லி வைத்திருந்தார். அந்தக் கடை ஒன்றுக்குத்தான் அவள் ஆசைப்பட்டாள். புடவைக்கு, நகைக்கு, மாப்பிள்ளைக்கு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

என்னால் ஆனதைச் சொன்னேன். பற்பசை வைத்துப் பார் என்றேன். எலுமிச்சை தேய்க்கச் சொன்னேன், ஆவி பிடிக்கச் சொன்னேன். பற்பசை வைத்த இடம் வெந்து போயிற்று என்றாள். அது பற்பசையின் குற்றமா, வைத்தவளின் குற்றமா? கடைசியில், என் வாசலைத் தாண்டியே போய், ஒரு தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

அவருக்குப் பொறுமை டாக்டர் என்று பெயர் வைத்தது நான்தான். இப்போது கட்டடம் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள். காலையும் மாலையும் மென்மையாக முகம் கழுவு, தேய்க்காதே, கிள்ளாதே. ராத்திரி ஒரு பட்டாணி அளவு ஜெல். காய்ந்து போகாமல் இருக்க மாய்ஸ்சரைசர், வெயிலுக்கு சன்ஸ்க்ரீன். தலையணை உறையை அடிக்கடி மாற்று, தலை எண்ணெய் நெற்றியில் இறங்க விடாதே. முதலில் கொஞ்சம் அதிகமாகும், பயப்படாதே, மூன்று மாதம் பொறுமையாக இரு. இவ்வளவுதான் வைத்தியம். தலையணை உறை விஷயத்தை நானே சொல்லியிருப்பேன், என்னை யாராவது கேட்டிருந்தால்.

அவள் எழுத்துக்கு எழுத்து கேட்டாள். நான் சொன்னதை ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டவள், அந்த மனிதர் சொன்னதை வேதமாக எடுத்துக்கொண்டாள். எனக்கு வருத்தமாக இருந்தது. கோபம் இல்லை.

அவள் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் இருந்தது. குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தால் திறந்துவிட, பார்சல் வந்தால் உள்ளே வைக்க. அவளாகத்தான் கொடுத்தாள். நான் இரண்டு மூன்று தடவை நினைவுபடுத்தினேன், அவ்வளவுதான்.

தெருமுனை மருந்துக்கடையில் ஒரு ட்யூப் வாங்கினேன். பெயர் சொல்லிக் கேட்டேன். எல்லாரும் வாங்குகிற களிம்புதான், என் அக்கா மகள் கல்யாணத்துக்கு முன்னால் போட்டுப் பளபளவென்று ஆனாள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. முகத்துக்குத் தொடர்ந்து போட்டா தோல் மெலிஞ்சிடும். நிறுத்தினா எரியும். டாக்டர் சீட்டு இருக்கா?" என்றார். முகத்துக்கு இல்லை, என் முழங்கையில் படை என்றேன். பொய்தான். மருந்துக்கடையில் உண்மை பேசினால் ஒன்றும் கிடைக்காது.

அவள் மாய்ஸ்சரைசர் டப்பாவில் கலந்தேன். வெள்ளையில் வெள்ளை, தெரியாது. சட்டைக் காலரின் முனையைத் தள்ளி எடுக்க ஒரு மரக்குச்சி வைத்திருப்பேன், அதை வைத்துத்தான் கலக்கினேன். கெட்ட எண்ணம் துளியும் இல்லை, மேடம். முகம் சரியானதும் ஒருநாள் உட்கார வைத்து, "இது யார் வைத்தியம் தெரியுமா?" என்று கேட்க நினைத்தேன். அவ்வளவுதான் ஆசை.

முகம் சரியாயிற்று. டாக்டர் சொன்ன மூன்று மாதம் எங்கே, இரண்டு வாரத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. படியில் இரண்டிரண்டாகத் தாவி வந்தாள்.

"அக்கா, பாருங்க, பாருங்க. அந்த டாக்டருக்கு என்ன கைராசி!"

காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. சமைத்தவள் அடுப்படியில் வியர்த்துக் கிடக்க, பரிமாறினவனுக்குப் பாராட்டு. "ஆமாம்மா, நல்ல டாக்டர்," என்றேன். வேறென்ன சொல்ல முடியும். அன்றிலிருந்து அவளுக்கு என் வாசலில் நிற்க நேரமில்லை. "லேட்டாயிடுச்சுக்கா, வரேன்க்கா," என்று செருப்புச் சத்தம் மட்டும் இறங்கிப் போகும். சினிமாவுக்குப் போனாள், கடைத் தோழிகளோடு வெளியே சாப்பிட்டாள். நான் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன்.

டப்பா தீர்ந்து அவள் புதிது வாங்கினாள். நான் அதில் எதையும் கலக்கவில்லை. நான் செய்த தப்பு என்று நீங்கள் சொல்வது எதை? கலந்ததையா, கலக்காமல் விட்டதையா? கலக்காமல் விட்டதுதான் அவளை எரித்தது.

முகம் முழுக்கச் சிவந்து, பழைய பரு நாலு மடங்காகத் திரும்பி வந்தது. தண்ணீர் பட்டால் எரிச்சல், வெயில் பட்டால் எரிச்சல். சாயங்காலம் கடையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். நான் ஈரத்துணி வைத்தேன், டீ போட்டுக் கொடுத்தேன். அவள் அப்பா விட்டுப் போனது, அண்ணி சொன்ன வார்த்தை, ஒருத்தன் பார்த்துவிட்டுப் போய்ப் பதிலே சொல்லாதது, எல்லாவற்றையும் அந்த முக்காலியில்தான் சொன்னாள். "நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்க்கா," என்றாள். எத்தனையோ பேர் என் வாசலில் நின்று பேசியிருக்கிறார்கள். உட்கார்ந்து பேசியவள் அவள் ஒருத்திதான்.

அவள் துடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் மறுபடி கலந்தேன். அடங்கியது. அடங்கியதும் மறுபடி செருப்புச் சத்தம். சொல்லப் போனால் அந்தக் களிம்பு ஒரு குழாய் மாதிரி. திறந்தால் போய்விடுவாள், மூடினால் வந்துவிடுவாள். நான் பெரும்பாலும் திறந்துதான் வைத்திருந்தேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

பொறுமை டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. "வேற ஏதாவது க்ரீம் போடறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சத்தியம் செய்திருக்கிறாள். தோல் மெலிந்து நரம்பு சிவப்பாகத் தெரிகிறது, இது ஸ்டீராய்டு போட்ட முகம், உண்மையைச் சொல்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்க முடியாது என்று எழுந்துவிட்டாராம். பொறுமை அவ்வளவுதான்.

"என்னைப் பொய்க்காரின்னு சொல்லிட்டார்க்கா. வெளியில ஆளுங்க உக்காந்திருக்காங்க, எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அவருக்கு வைத்தியம் தெரியல, பழி உன் மேல. விடு," என்றேன்.

அன்று அவள் என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். நான் எழுந்து போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தலையை எங்கே வைப்பாள்.

பிறகு முதலாளி, புதுக் கடையில் யாரை வைப்பது என்று முடிவு செய்ய வருகிற வாரம் வந்தது. அவள்தான் சொன்னாள், என்றைக்கு வருகிறார், என்ன புடவை கட்டலாம் என்றெல்லாம். ரவிக்கையை நான்தான் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். அதற்கு முன்பே குழாயை மூடிவிட்டேன். அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு போய், அதேபோல் சுத்தமான டப்பா ஒன்றை, அவள் பாதி தீர்த்த அளவுக்கு வழித்துவிட்டு, வைத்தேன். முதலாளி வந்த அன்று அவள் முகத்தில் கை வைக்க இடமில்லை. பொறுப்பு அவளைவிட இளையவள் ஒருத்திக்குப் போயிற்று. அந்த வட்டாரம் ஒன்றும் சரியில்லை, மேடம். தண்ணீர்க் கஷ்டம். தனியாக இருக்கிற பெண்ணுக்கு அங்கே யார் துணை?

மாட்டிக்கொண்டது ஒரு நூலால். மூன்றாம் மாடி அம்மாளின் பச்சைத் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுத்தமான டப்பாவை வழித்தபோது, குச்சியில் ஒட்டியிருந்த இழை அதற்குள் போய்விட்டது. மற்றவர்கள் என்றால் துடைத்துப் போட்டிருப்பார்கள். இவள் அதைக் கடைக்கு எடுத்துப் போய், லென்ஸில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் என் முக்காலியில் உட்கார்ந்து, மெஷினில் கிடந்த திரைச்சீலையைத் தடவிப் பார்த்தாள். "நல்ல பச்சைக்கா," என்றாள். நான் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் வழக்கம்போல வேலைக்கு இறங்கிப் போனாள். போகவில்லை. எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றிருக்கிறாள். என் மெஷின் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். அது நின்றதும் படியேறியிருக்கிறாள்.

"அக்கா."

நான் அவள் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்றிருந்தேன். கையில் குச்சி, மேஜையில் ட்யூப். அன்று திறந்துவிடத்தான் போயிருந்தேன், அதைக் கவனியுங்கள்.

"என்னம்மா, கடைக்குப் போகலையா?"

"என்ன அது?"

"உனக்குத்தான். உன் நல்லதுக்குத்தான்."

"எவ்வளவு நாளா?"

"நல்லா இருந்தப்போ கேட்டியா நீ, எப்படி நல்லாச்சுன்னு?"

அவள் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்தாள். "டாக்டர் முன்னாடி சத்தியம் பண்ணினேன்க்கா," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு கையை நீட்டினாள். "சாவி." கொடுத்துவிட்டேன். டப்பாவையும் ட்யூபையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள்.

அந்தக் களிம்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். கடைக்காரர் சொன்னார், பெட்டிக்குள் இருந்த தாளையும் மெஷின் விளக்கில் வைத்துப் படித்தேன். முதல் தடவை கலப்பதற்கு முன்னாலேயே படித்தேன். நிறுத்தினால் எரியும் என்று போட்டிருந்தது. அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். ஆமாம், எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள்.

வீட்டைக் காலி செய்துகொண்டு அண்ணனோடு போய்விட்டாள் என்கிறீர்கள். எனக்குத் தெரியும், படியில் சாமான் இறங்கியதைப் பார்த்தேன். அந்த அண்ணி வீட்டில் எத்தனை நாள் தாங்குவாள்? எரிச்சல் இன்னும் பல மாதம் இருக்குமாம், டாக்டரே சொல்லியிருக்கிறார். எரிகிறபோது மனிதருக்கு யார் ஞாபகம் வரும் என்று உங்களுக்கும் தெரியும்.

அதனால் கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது, மேடம். கடை விடுகிற நேரம் ஆகிவிட்டது. அவள் வந்து என் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்தால் பயந்துவிடுவாள்.