சூட்டைப் படம் பிடித்த கெமரா

ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னாள்: "என் உடம்புச் சூட்டப் படம் புடிச்சிட்டாங்கக்கா."

"சூட்டையா? அதெப்படி புள்ள?"

"அன்னிக்கு ராத்திரி மலை சரிஞ்சப்ப லயத்து வீட்ட விட்டு ஓடுனேன்ல, தேயிலைக்குள்ள விழுந்து கால் ஒடஞ்சு போச்சு. விடிஞ்சும் ஒரே பனிமூட்டம். கத்திக் கத்தித் தொண்டையும் அடச்சிருச்சு. தேடுனவங்க கண்ணுல நான் படவேயில்ல."

"அப்புறம்?"

"சரிவப் படம் எடுக்க வந்த பத்திரிகைக்காரர் ஒருத்தர் ட்ரோன் கெமராவப் பறக்க விட்டாரு. சூடு இருக்குற எடம் அதுல வெள்ளையாத் தெரியுமாம். பார்த்ததும், தேடிக்கிட்டிருந்த ஆமிக்காரங்களக் கூட்டிக்கிட்டு ஓடி வந்தாரு."

"கடவுளே! கெமராவுக்கு உசுரு தெரியுதா?"

"தெரியுதேக்கா. மறுநாள் பேப்பர்லயும் போட்டாங்க. மலை முழுக்கக் கருப்பு, நடுவுல அரிசி அளவுக்கு வெள்ளப் புள்ளி."

"நீ மட்டுமா அங்க கெடந்த?"

"இல்லக்கா. பாப்பாவ நெஞ்சோட இறுக்கி அணைச்சிருந்தேன். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்ல. ஆனா படத்துல நாங்க ரெண்டு பேரும் ஒரே புள்ளி."